பென்சில் டப்பாவுக்குள் பிஸ்கட் உறை: மகளிடம் எடையைப் பற்றிப் பேசலாமா?

ஜன்னலோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக மனதைப் போட்டு அரிக்கும் விஷயம்.

என் மகளுக்கு ஒன்பது வயது. சென்ற மாதம் அவள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் உயரமும் எடையும் பார்த்தார்கள். முடிவை ஒரு தாளில் எழுதி, உறையில்கூடப் போடாமல், பிள்ளைகள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார்கள். உயரம் 134 செ.மீ., எடை 37 கிலோ. அதற்கடுத்த கட்டத்தில் சிவப்பு மையில் 'அதிக எடை'. வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே ஒருவர் தாளை ஒருவர் பிடுங்கிப் படித்திருக்கிறார்கள். அவள் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்: "அம்மா, அதிக எடை என்றால் குண்டு என்றுதானே அர்த்தம்?"

"அதெல்லாம் ஒன்றுமில்லை, போய் முகம் கழுவு" என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் அப்படிச் சொன்னேன். அது அவளுக்கும் புரிந்துவிட்டது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிரவே நானும் கணவரும் வீட்டிலிருந்த பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட் எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் வைத்தோம். மறுநாளிலிருந்து அவள் டிபன் பாக்ஸில் வெள்ளரித் துண்டுகள். இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது முறை கேட்டால் "போதும்மா" என்று தட்டை நகர்த்தினேன். அவளுடைய தம்பிக்கு ஆறு வயது, ஒல்லியான உடம்பு. அவனுக்கு மட்டும் மாலையில் இரண்டு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன். அவன் தின்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

பத்து நாள் கழித்து, கணக்குப் போட பென்சில் சீவித் தரலாம் என்று அவளுடைய பென்சில் டப்பாவைத் திறந்தேன். அழிப்பானுக்குக் கீழே ஒரு பிஸ்கட் உறை. சத்தம் வராமலிருக்க அதை மடித்து, மறுபடி மடித்து, தபால்தலை அளவுக்குச் சுருக்கி, விளிம்பை நகத்தால் நீவி வைத்திருந்தாள். யார் கொடுத்தது, எப்போது தின்றாள் என்று எதுவும் தெரியாது. இருந்த இடத்திலேயே வைத்து டப்பாவை மூடிவிட்டேன். இன்றுவரை அவளிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

எங்கள் வீட்டு ஒழுங்கையும் சொல்லிவிடுகிறேன். மாலை நாலரைக்குப் பஸ் வரும். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், மாமியார்தான் வீட்டில் பார்த்துக்கொள்கிறார். பேத்தி வந்ததும் இனிப்பான பால், கூடவே ஏதாவது தின்பண்டம், தொலைக்காட்சி. ஐந்தரையிலிருந்து ஏழு வரை தனி வகுப்பு. அதன்பிறகு வீட்டுப்பாடம், தொலைக்காட்சி முன்னால் சாப்பாடு. படுக்கும்போது பத்தரை ஆகிவிடும். காலையில் ஆறு மணிக்கு எழுப்ப வேண்டும். விளையாட்டு என்று பார்த்தால் பள்ளியில் வாரத்துக்கு இரண்டு வகுப்புகள் மட்டும்தான்.

என் கேள்விகள் இவைதான். எடையைப் பற்றி அவளிடம் வெளிப்படையாகப் பேசலாமா, கூடாதா? தம்பிக்கு ஒரு சாப்பாடு, அக்காவுக்கு ஒரு சாப்பாடு என்று பிரிப்பது சரியா? மாமியாரின் மனம் நோகாமல் அந்த நாலரை மணிப் பழக்கத்தை எப்படி மாற்றுவது? பரணில் வைத்ததை என்ன செய்வது?


நேர்கோடு எழுதியது:

சகோதரி, நீங்கள் செய்ததில் தவறில்லை. பிள்ளைகளுக்கு எது நல்லதென்று தெரியாது, நாம்தான் கட்டுப்படுத்த வேண்டும். என் மகனுக்கும் இதே பிரச்சினை வந்தது, அப்போது அவனுக்கு வயது பத்து. ஞாயிறு தோறும் காலையில் எடை பார்த்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் அவனையே எழுத வைத்தேன். வீட்டுக்குள் சர்க்கரைப் பானம் வருவதே இல்லை. நான்கு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தது. முதலில் அழுதான், பிறகு பழகிவிட்டான். உறுதியாக இருங்கள்.


மாடிப்படி எழுதியது:

ஜன்னலோரம் அவர்களே, அந்த உறையை இருந்த இடத்திலேயே வைத்தீர்களே, அதற்காக முதலில் உங்களுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. உங்கள் மகள் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் நான் இருந்தேன்.

எனக்கு இப்போது 34 வயது. எட்டு வயதில் என்னை மருத்துவரிடம் காட்டி, எடை கூடுதல் என்று சொன்னதும், என் அம்மா தின்பண்ட அலமாரிக்குப் பூட்டுப் போட்டார். அவர் கொடுமைக்காரர் இல்லை. என்னை நினைத்து இரவில் தூங்காதவர். சாவியை ஒரு பொத்தான் டப்பாவுக்குள் வைப்பார். அது எங்கே இருக்கிறது என்று இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் குளிக்கப் போகும் நேரம் எவ்வளவு, குழாய் நிற்பதற்கும் கதவு திறப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அத்துப்படி. அந்த நேரத்துக்குள் தின்று முடிக்க வேண்டும். ருசி பார்க்க நேரம் கிடையாது. மென்று விழுங்கவும் நேரம் கிடையாது. பூட்டு எனக்குக் கற்றுக்கொடுத்தது வேகமாகத் தின்பதை மட்டும்தான். இனிப்பு என்றால் இன்றைக்கும் நான் நின்றுகொண்டேதான் தின்கிறேன். தட்டில் வைத்து உட்கார்ந்து தின்ன முயன்றால் யாரோ வருவதுபோல முதுகு கூசுகிறது.

நேர்கோடு ஐயா, உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை எடை இருந்தது. சனிக்கிழமை மாலைக்குப் பிறகு நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். எழுந்ததும் கழிவறைக்குப் போய்விட்டுத்தான் தராசில் ஏறுவேன். எண் குறைந்திருந்தால் அப்பா முதுகில் தட்டுவார். கூடியிருந்தால் அன்றைக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், வீடே அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்குத் திட்டியிருக்கலாம். உங்கள் மகன் சனிக்கிழமை இரவு எப்படி இருக்கிறான் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

எடையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிறுமிக்கு என்ன தேவைப்பட்டிருக்கும் என்பது மட்டும் தெரியும். திருட வேண்டிய அவசியமே இல்லாத ஒரு பிஸ்கட்.


அளவுகரண்டி எழுதியது:

சகோதரி, நான் 14 ஆண்டுகளாகக் குழந்தைகள் பிரிவில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். அந்தத் தாளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பயம் அங்கேதான் தொடங்கியது.

37-ஐ 1.34-ஆல் வகுத்து, வரும் விடையை மறுபடியும் 1.34-ஆல் வகுத்தால் 20.6. இதுதான் உடல் நிறை குறியீட்டெண். பெரியவர் ஒருவருக்கு இது நல்ல எண். பிள்ளைகளுக்கோ வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 5 முதல் 19 வயது வரையிலானவர்களுக்கென உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, ஒன்பது வயதுச் சிறுமிக்கு ஏறத்தாழ 18-ஐத் தாண்டினால் அதிக எடை, 21-ஐயும் தாண்டிய பிறகே பருமன். ஆகவே பள்ளி எழுதிய சொல் சரிதான். ஆனால் அது ஒரே ஒரு நாளின் புள்ளி. பழைய தடுப்பூசி அட்டைகளிலும் மருத்துவச் சீட்டுகளிலும் அவளது முந்தைய உயரமும் எடையும் இருக்கும். தேடி எடுத்து, குழந்தை மருத்துவரிடம் கொடுத்து, வளர்ச்சி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். சின்ன வயதிலிருந்தே அதே கோட்டை ஒட்டி வளர்ந்திருக்கிறாள் என்றால் அது ஒரு கதை. கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகளில் மட்டும் கோடு மேலே தாவியிருக்கிறது என்றால், அந்த ஆண்டுகளில் வீட்டில் என்ன மாறியது என்று யோசிக்க வேண்டும். இன்னொன்று, பருவமடைவதற்கு முன் பல பெண் பிள்ளைகள் கொஞ்சம் சதை போட்டு, அதன்பிறகு சரசரவென்று உயரமாவார்கள்.

வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கவே வேண்டியதில்லை. எடை நிதானமானால் போதும், உயரம் தன் வேலையைச் செய்துகொள்ளும். கணக்குப் பாருங்கள். அவள் 140 செ.மீ. ஆகும்போது எடை 38 கிலோ என்றால் அதே குறியீட்டெண் 19.4. யாரும் பட்டினி கிடக்காமலே இறங்கிவிட்டது. அதனால் தட்டை நகர்த்துவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மருத்துவரைத் தாமதிக்காமல் பார்க்க வேண்டிய அறிகுறிகள் சில உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்து, வெல்வெட் துணிபோலத் தடித்திருப்பது. தூக்கத்தில் உரத்த குறட்டை, நடுநடுவே மூச்சு நின்று திணறுவது. முழங்கால் அல்லது இடுப்பு வலியால் நொண்டுவது. அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீர் போவதும். எடை ஏறிக்கொண்டே போய் உயரம் மட்டும் நின்றுவிடுவது. பின்கழுத்தை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வரும் அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது அழுக்கில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததை உடல் அப்படித்தான் தெரிவிக்கிறது.

இனி உங்கள் வீட்டு ஒழுங்குக்கு வருகிறேன். படித்தவுடன் என் கண்ணில் பட்டது பிஸ்கட் இல்லை, பத்தரை மணி. பத்தரையிலிருந்து ஆறு வரை ஏழரை மணி நேரம்தான். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வரையறுத்தது. தூக்கம் போதாத பிள்ளைக்கு மறுநாள் பசி கூடும், நாக்கு இனிப்பையே தேடும், ஓடியாட உடம்பில் தெம்பு இருக்காது. ஒன்றே ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்று நீங்கள் சொன்னால், படுக்கும் நேரத்தை மாற்றுங்கள் என்பேன். தனி வகுப்பில் இரண்டு நாளையாவது விட முடியுமா என்று யோசியுங்கள். கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்தால் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தொலைக்காட்சி. 1999-இல் அமெரிக்காவில் தாமஸ் ராபின்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு பள்ளியின் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் தொலைக்காட்சி, வீடியோ விளையாட்டு நேரத்தைக் குறைக்க மட்டும் பழக்கினார். உணவுக்கட்டுப்பாடும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. ஒப்பிட்டுப் பார்த்த இன்னொரு பள்ளியின் பிள்ளைகளைவிட இவர்களின் உடல் நிறை குறியீட்டெண் குறைவாகவே கூடியது. தொலைக்காட்சி முன் உட்கார்ந்து சாப்பிடுவதும் குறைந்திருந்தது. திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிடும்போது வயிறு சொல்வது காதில் விழாது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் திரை வேண்டாம், பெரியவர்களின் கைப்பேசி உட்பட. அவளிடம் மட்டும் அதைக் கேட்காதீர்கள்.

சாப்பாட்டில் யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதற்கு எலின் சாட்டர் என்ற ஊட்டச்சத்து நிபுணர் வகுத்த ஒரு பங்கீடு உண்டு. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. நீங்கள் அவளுடைய பங்கைக் கையில் எடுத்துக்கொண்டு, 'எப்போது, எங்கே' என்ற உங்கள் பங்கைத் தொலைக்காட்சியிடம் விட்டிருக்கிறீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, என்னிடம் வருகிற வீடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன.

பரணில் உள்ளதைக் கீழே இறக்கிவிடுங்கள். ஜெனிபர் ஃபிஷர், லீயன் பர்ச் இருவரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்று தெரிந்தது: எடுக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட தின்பண்டத்தைப் பற்றியே பிள்ளைகள் அதிகம் பேசினார்கள், அதையே அதிகம் கேட்டார்கள். மாடிப்படி எழுதியதும் அதுதான். வீட்டுக்குள் கொஞ்சமாக வாங்குங்கள். வாங்கியதை ஒளிக்காதீர்கள். வாரத்தில் இரண்டு நாள், அவள் கேட்பதற்கு முன்பே, மாலைச் சாப்பாட்டோடு சேர்த்துத் தட்டில் நீங்களே வையுங்கள், தம்பிக்கும் அவளுக்கும் ஒரே அளவு. பிள்ளைகளுக்குள் தட்டைப் பிரிக்கவே கூடாது. ஒல்லியான பிள்ளைக்கு மட்டும் பிஸ்கட் நல்லதாகிவிடுமா?

பானங்களில் மட்டும் நான் கறார். என் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரும் சர்க்கரை டப்பாவும் ஒரு டீஸ்பூனும் எப்போதும் இருக்கும். 330 மி.லி. கோலா பானத்தில் ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை உண்டு. அதைக் கரண்டியால் அள்ளிப் போடச் சொல்வேன், அப்பாவையோ அம்மாவையோ, பிள்ளையை இல்லை. ஒன்பதாவது கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழச்சாறும் இதில் சேரும், தேனும் சேரும். பழமாகவே தின்றால் சேராது. மென்று தின்ன நேரமாகும், நார்ச்சத்தும் இருக்கும், பாதியிலேயே போதும் என்று தோன்றும். தாகத்துக்குத் தண்ணீர்தான். பால் தரலாம், ஆனால் அதில் போடும் சர்க்கரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நாக்குக்குத் தெரியாது.

மாமியாரைப் பற்றிக் கேட்டீர்கள். அவரிடம் 'கொடுக்காதீர்கள்' என்று சொன்னால் அவர் கையிலிருக்கும் அன்பையே பறித்ததுபோல ஆகிவிடும். 'கொடுங்கள்' என்று வேறொன்றைக் கேளுங்கள். பழம் நறுக்கிக் கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய கதையைக் கேட்பது, வாசல்வரை கூட்டிக்கொண்டு போய் விளையாட விடுவது எல்லாம் அவருடைய பொறுப்பாகட்டும்.

கடைசியாக, எடைப் பேச்சு. 2013-இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பெற்றோர் எடையைப் பற்றிப் பேசிய வீடுகளில் வளரிளம் பருவத்தினரிடம் பட்டினி கிடப்பது, அளவுமீறித் தின்பது போன்ற கோளாறான பழக்கங்கள் அதிகமாகக் காணப்பட்டன. நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அவை குறைவு. எனவே 'எடை', 'குண்டு', 'டயட்' ஆகிய சொற்கள் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம், உங்களைப் பற்றிப் பேசும்போதுகூட. கண்ணாடி முன் நின்று "ஐயோ, எனக்கு எப்படி வயிறு போட்டுவிட்டது பார்" என்று அம்மா சொல்வதைப் பிள்ளை தன் வயிற்றுக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்ளும். ஆனால் அவளாகக் கேட்டால் மழுப்பக் கூடாது. வாசலில் அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி இருக்கிறது. "அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. உன் உடம்பு வளர்ந்துகொண்டிருக்கிறது. அது நன்றாக வளர நம் வீட்டில் எல்லாருமே சில பழக்கங்களை மாற்றப் போகிறோம். பிஸ்கட் வேண்டுமென்றால் என்னிடம் கேள், நான் திட்ட மாட்டேன்." இவ்வளவு போதும். உறையைக் கண்டுபிடித்ததைச் சொல்ல வேண்டாம். அந்த டப்பா அவளுடையது.


விசில் எழுதியது:

வணக்கம். நான் உடற்கல்வி ஆசிரியர். சாப்பாட்டைப் பற்றி அளவுகரண்டி அம்மா சொன்னதற்கு மேல் எனக்குத் தெரியாது. மைதானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் அதில் கால்வாசிகூடத் தேறாது. அதுவும் நாற்பது நிமிட வகுப்பில் வரிசையில் நிற்பது, வருகை எடுப்பது, அணி பிரிப்பது எல்லாம் போக, ஒரு பிள்ளை நிஜமாக ஓடும் நேரத்தை ஒருநாள் நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினொரு நிமிடம். என் வகுப்பில்தான். அன்றிலிருந்து அணி பிரிக்கும் வேலையை வகுப்புக்கு முன்பே முடித்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. பந்து பட்டால் வெளியே, பிடிபட்டால் வெளியே என்ற ஆட்டங்களில் முதலில் வெளியே போகிறவர்கள் யார்? மெதுவாக ஓடுகிற பிள்ளைகள். ஆட்டம் முடியும்வரை சுவரோரம் உட்கார்ந்திருப்பவர்களும் அவர்களே. ஓட்டம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களை உட்கார வைக்கிற ஆட்டத்தை நான் எட்டு வருடம் நடத்தியிருக்கிறேன். விளையாட்டு வகுப்பு என்றாலே வயிற்று வலி என்று சொல்லும் மாணவி ஒருத்தி இருந்தாள். பொய் என்று நினைத்தேன். வயிற்று வலி நிஜம். அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சி நிற்பதை நினைத்து வருகிற வலி. இப்போது பிடிபட்டவர் வெளியே போவதில்லை, பிடிப்பவராக மாறி ஓடிக்கொண்டே இருப்பார். அந்த மாணவி ஒரே மாதத்தில் வேகமாக ஓடத் தொடங்கிவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். வயிற்று வலி என்று சொல்வது நின்றது.

ஸ்காட்லாந்தில் ஸ்டெர்லிங் என்ற ஊரில், 2012-இல் எலைன் வைலி என்ற தலைமையாசிரியை, பிள்ளைகளைத் தினமும் 15 நிமிடம் வெளியே அழைத்துப்போய் ஓடவோ நடக்கவோ விட்டார். சீருடையிலேயே, போட்டி இல்லாமல், அவரவர் வேகத்தில். 'டெய்லி மைல்' என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. உங்கள் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள், கருவியோ செலவோ தேவைப்படாது. கூடவே, வீட்டுப்பாடம் எழுதாததற்காக விளையாட்டு வகுப்பைப் பறிக்கக் கூடாது என்றும் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். நான் ஆசிரியர் அறையில் சொல்லிச் சொல்லித் தோற்ற விஷயம் இது, பெற்றோர் சொன்னால் காது கொடுப்பார்கள்.

வீட்டில்? ஒரு ஸ்கிப்பிங் கயிறு போதும். பஸ்ஸை ஒரு நிறுத்தம் முன்னதாக விட்டு இறங்கி நடங்கள். 'உடற்பயிற்சி' என்ற சொல்லே வேண்டாம்.


நேர்கோடு எழுதியது:

மாடிப்படி எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. நேற்று சனிக்கிழமை. இரவு எட்டு மணிக்கு என் மகன் தண்ணீர் பாட்டிலை எடுத்தான், மூடியைத் திறந்தான், குடிக்காமல் திருப்பி வைத்தான். இதை எத்தனை சனிக்கிழமை செய்தானோ தெரியாது, நேற்றுத்தான் நான் பார்த்தேன். குடிடா என்றேன். நாளைக் காலையில் குடிக்கிறேன் என்றான்.

இன்று எடை பார்க்கவில்லை. தாளையும் எடுத்துவிட்டேன். சர்க்கரைப் பானம் வாங்குவதில்லை என்பதில் மட்டும் மாற்றமில்லை.


ஜன்னலோரம் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி.

அந்தப் பதில் பாக்கியை முதலில் தீர்த்தேன். விளக்கை அணைத்த பிறகு, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட அளவுகரண்டி எழுதிய சொற்களிலேயே சொன்னேன். முகம் தெரியாத இருட்டில் சொல்வது எனக்கும் சுலபமாக இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பிக்கும் எனக்கும் ஒரே மாதிரியா?" என்று கேட்டாள். ஒரே மாதிரிதான் என்றேன். "அப்போது சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் மனதில் கிடந்தது அதுதான், நானோ எடையைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மருத்துவரிடம் பழைய அட்டைகளைக் காட்டினோம். கோடு ஏழரை வயதில் மேலே ஏறத் தொடங்கியிருக்கிறது. தனி வகுப்பில் சேர்த்ததும் அப்போதுதான். அதை ஐந்து நாளிலிருந்து மூன்றாகக் குறைத்தோம். கணவருக்கு அதில் இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஒன்பதரைக்குள் படுக்க வைத்துவிடுகிறோம், ஒன்பது மணி என்பது இதுவரை கைகூடவில்லை. காலையில் மூன்று முறை எழுப்ப வேண்டியிருந்தது, இப்போது ஒரு முறை போதும்.

மாமியாரிடம் பேசப் பயந்துகொண்டிருந்தேன். "மாலையில் தினமும் ஒரு பழம் நறுக்கி, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கொடுக்கிறீர்களா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். இப்போது அவர் பழத்தை விதவிதமாக நறுக்குகிறார். ஒருநாள் ஆப்பிளைக் குறுக்கே வெட்டி நடுவில் இருக்கும் நட்சத்திரத்தைக் காட்டியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் அதைப் பற்றி இரவுவரை பேசினார்கள். பாலில் சர்க்கரை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாகிவிட்டது, யாரும் கேட்கவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைக்காட்சி முன்புபோலவே ஓடுகிறது. பிஸ்கட்டைக் கீழே இறக்கிய முதல் வாரம் அவள் ஒரே மூச்சில் ஏழெட்டு தின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இருக்க எனக்குப் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. மூன்றாவது வாரம் இரண்டு தின்றுவிட்டு எழுந்து போனாள். போன வாரம் ஒன்றைப் பாதி கடித்து வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். அந்தப் பாதி பிஸ்கட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எடை பார்க்கவில்லை. மருத்துவர் மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார், அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும். பென்சில் டப்பாவை நான் திறப்பதில்லை.

விசில் ஐயா, பெற்றோர் கூட்டத்தில் விளையாட்டு வகுப்பைப் பறிக்கும் விஷயத்தைப் பேசினேன். ஆறு பேர் கை தூக்கினார்கள். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், விட மாட்டேன். உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. வாங்கிக் கொடுத்த கயிறு நீளமாக இருக்கிறது, காலில் சிக்கிக்கொண்டே இருக்கிறது, அவளுக்குச் சலிப்பு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அவள் உயரத்துக்கு எவ்வளவு நீளம் சரி?


விசில் எழுதியது:

கயிற்றின் நடுவில் அவளை இரண்டு காலாலும் மிதித்து நிற்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விறைப்பாக மேலே இழுங்கள். கைப்பிடியின் நுனி அக்குள்வரை வர வேண்டும். அதற்கு மேல் இருப்பதை வெட்டாமல் முடிச்சுப் போட்டுச் சுருக்குங்கள். உயரமாகிக்கொண்டே இருப்பாள், முடிச்சை அவிழ்த்துக்கொள்ளலாம்.